இரண்டாந்தரம் செத்த பெரியம்மா

2006ஆம் ஆண்டு, ஆவணி கடைசி. ஒஸ்லோவில் கோடை முடிந்து, காலையில் வேலைக்குப் போகும்போது ஜக்கெற்றைத் தேடத் தொடங்குகிற நாட்கள். நாங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். மகள் அந்த மாதம்தான் எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். இங்கே ஏழாம் வகுப்போடு சின்னப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் வேறு பள்ளிக்கூடம். அரசாங்கப் பள்ளிக்கூடம்தான், சுற்றியிருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் போவார்கள். மகளின் பழைய சிநேகிதிகள் அத்தனை பேரும் பக்கத்து வகுப்பில் விழுந்துவிட்டார்கள். இவள் தனியே போய்த் தனியே வந்துகொண்டிருந்தாள்.

தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். ரீச்சர் நாற்பது வயது மதிக்கக்கூடிய, மெதுவாகக் கதைக்கிற பெண். பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்கள் ஒரு வகுப்பாக வேண்டும், அதற்காகக் காட்டுக்குள் ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் இரண்டு இரவு தங்கப் போகிறோம் என்றார். மற்றத் தாய் தகப்பன்மார் மழைச் சப்பாத்தைப் பற்றிக் கேட்டார்கள். யார் கேக் செய்து அனுப்புவது என்று கேட்டார்கள். எனக்கு 'இரண்டு இரவு' என்றதற்குப் பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை. பதின்மூன்று வயதுப் பெட்டை, பெடியன்களோடு, காட்டுக்குள்!

அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கிற இடத்தில் இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற ஒரு அக்கா, எதற்கும் முந்திக்கொண்டு அபிப்பிராயம் சொல்கிறவ, கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு இரவோ? வயசுக்கு வந்த பிள்ளையை விடப் போறியளோ? எங்கடை மூத்தவளை நான் இப்பிடி ஒண்டுக்கும் விடேல்லை."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒஸ்லோவிலும் அந்த அளவில் மூடி விற்பதில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நீயே யோசிச்சுச் செய்" என்றார். நல்லதாக முடிந்தால் அவருடைய யோசனை, பிழைத்தால் என்னுடையது. கலியாணம் செய்த நாளிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். மகள் அடம்பிடிக்கவில்லை. "எல்லாரும் துருக்குப் போகினம் அம்மா" என்று ஒரே ஒருதரம் சொன்னாள். துர் என்றால் இங்கத்தை ஆட்களுக்குக் காட்டுப் பயணம். சொல்லிவிட்டுப் பாணுக்கு பட்டர் பூசத் தொடங்கிவிட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தி, அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

நேரே விடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நோர்வேயில் பள்ளிக்கூடத்துக்கு மாட்டேன் என்று சொல்வது லேசான காரியமில்லை. ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் விளங்குகிறது என்பார்கள். பிறகு கூப்பிட்டு இருத்திக் கோப்பி தருவார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி அறை என்பார்கள், விரும்பினால் நீங்களும் வாருங்கள் என்பார்கள். கடைசியில் நாங்கள்தான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவோம். அதனால் எங்கள் ஆட்களிடம் எப்போதும் சில சாட்டுகள் கைவசம் இருந்தன. வயிற்றுக்குத்து, காய்ச்சல், சொந்தத்தில் கலியாணம். எல்லாவற்றிலும் பலமானது செத்தவீடு. செத்தவீட்டுக்கு யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரைச் செத்துப்போனதாகச் சொல்ல எனக்குப் பயம். சொன்ன வாய் பலித்துவிட்டால்? யோசித்து யோசித்துப் பெரியம்மாவைப் பிடித்தேன். அம்மாவின் தமக்கை. தொண்ணூறுகளிலேயே நோய் வருத்தத்தில் படுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டவ. ஏற்கெனவே செத்தவரைச் செத்தார் என்று சொல்வது பொய்யே இல்லை, நாள்தான் கொஞ்சம் முன்பின் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டுதான் ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்துவைக்கிற சனம் நாங்கள், ஒரு பொய்யில் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

எனக்குத் தாய்போல இருந்த பெரியம்மா ஊரில் காலமாகிவிட்டார், முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடியும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் எங்கும் போவதில்லை, ஆனபடியால் மகள் வரமாட்டாள் என்றேன். முழுக்க முதலே நோர்வேஜியனில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ரீச்சர் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். போரிலா?

அந்த வருஷம்தான் சமாதானம் முறிந்து ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது. இங்கத்தைச் செய்தியிலும் அடிக்கடி காட்டினார்கள். அவர் கவனித்துப் பார்த்திருக்கிறார். இந்தக் கேள்விக்கு நான் விடை பாடமாக்கி வைத்திருக்கவில்லை. ஓம் என்றுவிட்டேன். இயற்கையான சாவு, வருத்தம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஓம் என்றால் கதை கெதியில் முடியும்போல இருந்தது. கட்டிலில் படுத்துச் செத்த என் பெரியம்மாவைச் செல் குண்டு விழுந்து சாகவைத்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். வைக்கும்வரை ரீச்சர் அனுதாபம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பெரிய நிம்மதி. போய் உலையை வைத்தேன்.

மகளிடம் பொய்யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ரீச்சரோடை கதைச்சிட்டன். நீ போகேல்லை" என்றேன். அவளும் சரி என்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது பழமொழி. என்னுடையது ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. அதே கிழமைச் சனிக்கிழமை, என் மகன் சின்னவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். முதலே ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. மூன்று குடும்பம், அந்த அக்காவும் அடக்கம். வீடு முழுக்க பலூன். சுவரில் மினுங்குகிற கடதாசியில் வாழ்த்து. நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பிந்தி வருகிற ஆட்கள்தான் என்று ரோல்ஸ் தட்டோடு போய்க் கதவைத் திறந்தேன்.

ரீச்சர் நின்றார். பக்கத்தில் வகுப்புப் பெற்றோரின் பிரதிநிதியாக ஒரு தாய், கையில் வெள்ளைப் பூங்கொத்து. அவர்களுக்குப் பின்னால் மகளின் வகுப்புப் பெட்டைகள் இரண்டு பேர். ஒருத்தி மெழுகுதிரி வைத்திருந்தாள். நோர்வேக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்கும் போகமாட்டார்கள். இவருடைய கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

நாலு பேரின் உடுப்பும் ஒரே நிறம், கறுப்பு. எனக்குப் பின்னால் சின்னவன் பலூனை வெடிக்கவைத்துச் சிரிக்கிறான். ரீச்சரின் கண் என்னைத் தாண்டி உள்ளே போனது. சுவர்க் கடதாசி, கேக், சீலையும் நகையுமாக ஆட்கள். பிறகு என் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். அந்த நேரம் நிலம் பிளந்தால் தட்டோடு உள்ளே இறங்கியிருப்பேன். இதற்குள் அந்த அக்கா வேறு எட்டிப் பார்த்து, "ஏன் பூவோடை வந்து நிக்கினம்? ஆர் செத்தது?" என்று ஊருக்கே கேட்க விசாரித்தார். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டும்தான் கடவுள் எனக்கு அன்றைக்குச் செய்த ஒரே உபகாரம்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரீச்சரிடம் நோர்வேஜியனில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள். தம்பி சின்னப்பிள்ளை. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. பிறந்தநாளுக்காக எத்தனையோ நாளாகக் காத்திருந்தவன், அவனை ஏமாற்ற வேண்டாமென்று அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு இதைச் செய்கிறா.

ரீச்சரின் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு திடமான மனுஷி என்றார். அந்தத் தாய் என்னைக் கட்டிப்பிடித்தார். என் உடுப்பில் பொரித்த எண்ணெய் மணம் அடித்தது. பிறகு ரீச்சர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. பிள்ளைகள் வகுப்பில் கூடிப் பேசினார்களாம். ஒரு வகுப்பாவதற்குத்தான் இந்தப் பயணம், ஒருத்தியை விட்டுவிட்டுப் போனால் அதில் அர்த்தமில்லை என்று அவர்களாகவே முடிவெடுத்தார்களாம். பக்கத்து வகுப்போடு பயணத் திகதியை மாற்றிக்கொண்டு, எங்கள் முப்பத்தொன்று முடிந்த பிறகு போகிறார்களாம். மெழுகுதிரி வைத்திருந்த பெட்டை அதை மகளிடம் நீட்டினாள். கொடுத்துவிட்டு அழுதாள். யாரோ ஒரு பிள்ளை, என் பெரியம்மாவுக்காக.

ஆட்களெல்லாம் போன பிறகு குசினியில் மகள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துவாயோடு பக்கத்தில் நின்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை ரீச்சர் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கட்டிப்பிடிச்சவ. அப்பவே விளங்கிட்டுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? ரீச்சருக்கு, எங்கடை அம்மா பொய் சொல்லுறா எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?"

கோபமே இல்லாமல் கேட்டாள். நாலு நாளாக அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் துக்க முகத்தோடு இருந்திருக்கிறாள். ஒவ்வொரு காலையும் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் திரி கொளுத்தியிருக்கிறார்கள். தனியே இருந்து சாப்பிட்டவளுக்குப் பக்கத்தில் ஆட்கள் வந்து இருந்திருக்கிறார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் நடக்காதது மாதிரி நடந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நடிப்பு, வீட்டில் ஒரு நடிப்பு. பெடியன்களோடு காட்டுக்குப் போனால் பிள்ளை கெட்டுப்போய்விடும் என்று பயந்தவள் நான். என் வீட்டு வாசலில், என் கண்ணுக்கு முன்னால், என்னைக் காப்பாற்ற அவள் அப்படிப் பொய் சொன்னாள். கெடுத்தது யார்?

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவதென்று வேலையால் வரும்போது பள்ளிக்கூடம்வரை போனேன். வாசலில் பிள்ளைகள் நின்றார்கள். மகளும் நின்றாள். அவளைச் சுற்றி நாலைந்து பேர். அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு என்னவாகும் என்று யோசித்தேன். திரும்பி வந்துவிட்டேன். பிள்ளைக்காகத்தான் திரும்பினேன் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, என் முகத்துக்காகத்தான் திரும்பினேன்.

முப்பத்தொன்று முடிந்து, பயணத்துக்கு அனுப்பினேன். அனுப்பாமல் வேறு வழி? வந்து பையைப் பிரித்தபோது உடுப்பெல்லாம் விறகுப் புகை. எப்படி என்று கேட்டேன். நல்லது என்றாள். பிறகு புகை மணக்கிற காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாரும் பெரியம்மம்மாவைப் பற்றிக் கேட்டவை. என்ன சமைப்பா எண்டு கேட்டவை. எனக்குத் தெரியாதே, மீன் போட்டுக் கூழ் காய்ச்சுவா எண்டு சொன்னனான். காய்ச்சுவாவோ அம்மா?"

பெரியம்மா சுத்த சைவம். மீன் சட்டி அடுப்பில் இருந்தால் எங்கள் வீட்டுப் படலைக்குள்ளேயே வரமாட்டா. "ஓம், நல்லாக் காய்ச்சுவா" என்றேன். அதற்கும் ஒரு பொய்.

மூன்று வருஷமும் அதே ரீச்சர். பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போதெல்லாம் மகளின் படிப்பைச் சொல்லி முடித்துவிட்டு, என் கையைப் பிடித்து, ஊரில் உங்கள் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார். சுகம் என்பேன். மகள் பக்கத்தில் இருந்து மேசையைப் பார்ப்பாள்.

2009ஆம் ஆண்டு இளவேனில் எப்படி இருந்தது என்று தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வன்னியிலிருந்து வருகிற செய்தியைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போவதும், வேலையால் வந்து பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நிற்பதுமாக இருந்தோம். என் கடைசித் தம்பி அங்கேதான் அகப்பட்டிருந்தான். சமாதான காலத்தில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தவன். அவளுக்கு அவன்மேல் அப்படியொரு வாரப்பாடு. நாங்கள் திரும்பி வந்த பிறகும், தொலைபேசி வேலைசெய்த காலம்வரை, என்னோடு இரண்டு வார்த்தை, அவளோடு அரை மணித்தியாலம் கதைப்பான்.

மே மாதம், ஒரு காலை. மகளுக்குப் பத்தாம் வகுப்பின் எழுத்துப் பரீட்சை அன்றைக்கு. பையைத் தோளில் போட்டுக்கொண்டு சப்பாத்துப் போடும்போதுதான் கனடாவிலிருந்து அண்ணா தொலைபேசி எடுத்தார். தம்பி போய்விட்டான். செல்லடியில். ஒரு கிழமைக்கு முதலே முடிந்துவிட்டதாம், இப்போதுதான் தெரியவந்ததாம்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் ஒற்றைச் சப்பாத்தோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். கொஞ்சம் தெளிந்த பிறகு, பரீட்சையை விடு, நான் ரீச்சருக்கு எடுத்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேண்டாம் அம்மா. சொல்லாதேங்கோ."

"ஏன் பிள்ளை? மாமா எல்லே."

"எனக்குத் தெரியும், இப்ப என்ன செய்வினம் எண்டு. அதே மாதிரிக் கட்டிப்பிடிப்பினம். அதே மாதிரிப் பூ தருவினம். நான் அண்டைக்கு நடிச்சனான். இண்டைக்கு உண்மையா அழுதாலும் எனக்கே நடிக்கிற மாதிரித்தான் இருக்கும். மாமாவுக்கு அப்பிடி அழ எனக்கு விருப்பமில்லை."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மற்றச் சப்பாத்தையும் போட்டாள். போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். நல்ல புள்ளியும் எடுத்தாள்.

ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை. பிள்ளைகள் பாடினார்கள், பெற்றோர் கேக் வெட்டினோம். ரீச்சர் கூட்டத்துக்குள் எங்களைத் தேடி வந்தார். இந்த மாதங்களில் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று என் கையைப் பிடித்தார். உங்கள் குடும்பத்தில் எல்லாரும் தப்பிவிட்டார்களா என்று கேட்டார். சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது. உண்மையாகவே பயந்து பயந்து கேட்டார். தம்பியைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தேன். நான் வாயெடுக்க முதல் மகள் சொல்லிவிட்டாள். எல்லாரும் சுகம். சொல்லிச் சிரித்தாள். ரீச்சர் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு அவளை அணைத்துக்கொண்டார். செத்தவனை அவள் உயிரோடு இருப்பதாகச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

இப்போது மகளுக்குக் கலியாணமாகி, வேலையும் வீடுமாக நன்றாக இருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடக் கதையை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தத் துக்கச் செய்தி வந்தாலும், அழுவதற்கு முதல் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பாள், இது உண்மைதானா என்று கேட்பதுபோல. அந்த ஒரு நொடி, வெட்கத்தில், இத்தனை வருஷத்தில் என்னால் ஒருமுறைகூட நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்க்க முடிந்ததில்லை.